பாதி முகத்துக்கு வாசித்தேன்

சங்கீதம் நோயைத் தீர்க்கும் என்று யாராவது என்னிடம் சொன்னால், "நீங்கள் எந்த நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள்?" என்று கேட்பேன். பதில் வராது. பேச்சு மட்டும் வரும். மதுரையில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வாரத்துக்கு ஒரு சபை, சபைக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு ஜரிகை அங்கவஸ்திரம். பாட்டுக்கு மழை பெய்தது, பாம்பு படம் எடுத்து ஆடியது, பட்ட மரம் துளிர்த்தது என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். வைகையில் தண்ணீர் வராத வருஷங்களில் இவர்களில் ஒருவரும் ஆற்று மணலில் உட்கார்ந்து பாடி நான் பார்த்ததில்லை.

நான் வித்வான் இல்லை. பெட்டிக்காரன். ஆர்மோனியத்தை நாங்கள் பெட்டி என்றுதான் சொல்வோம். ஊமைப்படம் ஓடின காலத்தில் மதுரையில் ஒரு டெண்டுக் கொட்டகையில், திரைக்கு அடியில் மணலில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் வாசித்தேன். படத்தில் சத்தம் கிடையாது. ஒருவர் எழுந்து நின்று கதையைத் தொண்டை கிழியச் சொல்வார். பக்கத்தில் ஒரு தபலா. அப்புறம் நான். ஒன்பது வருஷம் அண்ணாந்து பார்த்ததில் உலகத்து அழகிகளின் மூக்குத் துவாரங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி.

எந்தப் படம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. சுருள் ரயிலில் வந்து இறங்கிய அன்றைக்கே ஓட்டிவிடுவார்கள். அதனால் எங்கள் தொழிலுக்கு ஒரே பாடம்தான்: முகத்தைப் பார். திரையில் முகம் மாறின மறு மூச்சில் பெட்டி மாற வேண்டும். ஒரு தடவை நான் மூக்குப்பொடி போட்டுக்கொள்ளக் குனிந்தேன். நிமிர்வதற்குள் கலியாணக் காட்சி போய்ச் சாவுக் காட்சி வந்துவிட்டது; என் கையோ கலியாண மெட்டையே ஓட்டிக்கொண்டிருந்தது. தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலை அள்ளி என் தலையில் கொட்டினார்கள். பெட்டிக்குள் போன மணலை ஊதி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு வாசிக்கும்போது என் கண் முகத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. முகம் சுளித்தால் கை தானாகச் சுளிக்கும். அதற்கு மூளை வேண்டியதில்லை, பழக்கம் போதும்.

பேசும் படம் வந்தது. "வாத்தியாரே, இனிமே படமே பாடிரும்" என்றார் கொட்டகை முதலாளி. பாடியது. அது பாடின லட்சணத்தை எழுத எனக்கு ஆயுசு போதாது.

ஒரு வருஷம் சும்மா கிடந்தேன். சும்மா கிடக்கும் மனிதனுக்கு வேறு என்ன வேலை? ஊரைத் திட்டினேன். வித்வான்களைத் திட்டினேன், பேசும் படத்தைத் திட்டினேன், என் மனைவி வைத்த ரசத்தைத் திட்டினேன். அப்படி ஒரு நாளில்தான் அந்த வக்கீல் என்னைத் தேடி வந்தார்.

கோர்ட்டில் அவருக்கு எத்தனை வழக்கு இருந்தது என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் தவறாமல் சபையில் இருப்பார். எங்கிருந்தோ ராக சிகிச்சை என்று ஒரு பைத்தியத்தைப் பிடித்து வைத்திருந்தார். எந்த ராகம் பித்தத்தைத் தணிக்கும், எந்த ராகம் வாயுவைக் கலைக்கும் என்று நாலு தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் செருகியிருப்பார். ஓமத்தையும் சீரகத்தையும் பற்றி இவ்வளவு நிச்சயமாக எந்த நாட்டு மருந்துக் கடைக்காரரும் பேசி நான் கேட்டதில்லை.

திருமங்கலத்தில் பருத்தி மண்டி வைத்திருந்த ஒருவர் அவருடைய கட்சிக்காரர். அந்த மண்டிக்காரருடைய தாயாருக்குப் பக்கவாதம். கணவன் போன பிறகு அந்த மண்டியைத் தனியாக நின்று நடத்தின அம்மாள். முதல் தடவை வலப் பக்கமும் பேச்சும் போயிற்று. இரண்டாம் தடவை மிச்சமிருந்த கைகாலும் போயிற்று. இங்கிலீஷ் வைத்தியர் கைவிட்ட இடத்தில் நம் வக்கீல் தன் நாலு தாளோடு நுழைந்தார்.

முதலில் ஒரு நாகஸ்வர வித்வானைக் கேட்டாராம். "மங்கள வாத்தியத்தைச் சாகக் கெடக்குறவக முன்னால ஊதச் சொல்றீகளா?" என்று அவர் எழுந்து போய்விட்டார். அடுத்து ஒரு பிடில் வித்வான். நோயாளி கட்டிலில் இருக்க, வித்வான் தரையில் உட்காருவதா என்று அவர் கேட்டார். முக்காலி போட்டார்கள். முக்காலி கட்டிலைவிட ஒரு விரற்கடை தாழ்வாக இருந்ததாம். அன்றைய பஸ்ஸிலேயே மதுரைக்குத் திரும்பிவிட்டார். இவர்கள் இல்லாத குறைக்கு நான்.

"ஆர்மோனியத்துல சுரத்தை வளைக்க முடியாது, கமகம் வராது. இருந்தாலும் நோயாளிக்கு அது எங்க தெரியப் போகுது?" என்றார் வக்கீல். என் வீட்டில், என் பாயில் உட்கார்ந்துகொண்டு, என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு இதைச் சொன்னார். சரி என்றேன். எனக்கும் வயிறு இருந்ததே.

மறுநாள் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். கூரைமேல் கோழிக் கூடைகளுக்கு நடுவே வந்த பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு மண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்கப் பருத்திக் கொட்டை வாசனை. நடு அறையில் கட்டில். அதில் அந்த அம்மாள். அறுபது வயது இருக்கலாம். வலப் பக்க முகம் சரிந்து தொங்கியது. இடப் பக்கம் மட்டும் சரியாக இருந்தது.

மகன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, தாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உள்ள ஒண்ணும் இல்ல வாத்தியாரே. உடம்பு மட்டும் கெடக்கு. வக்கீலையா சொல்றாகளேன்னுதான் இந்த ஏற்பாடு."

"அப்பப்ப மொகம் துடிக்குதே" என்றேன்.

"அது இழுப்பு. நரம்பு தானாத் துடிக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அதோடு அந்த விஷயம் முடிந்தது. அந்த வீட்டில் அந்த முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அதன் தலைக்கு மேலாகப் பேசிக்கொள்வார்கள்.

முதல் மூன்று நாள் வக்கீல் கூடவே இருந்தார். கையில் கடிகாரம். "இது வைத்தியம் வாத்தியாரே, கச்சேரி இல்ல. சொன்ன ராகம், சொன்ன நேரம், அம்புட்டுத்தான்" என்றார். காலையில் பிலஹரி, உச்சிப் பொழுதில் மத்தியமாவதி, நாலு மணிக்கு நீலாம்பரி. எதிரே தாளை ஒட்டி வைத்துவிட்டார். நானும் தாளைப் பார்த்து வாசித்தேன். ஒன்றும் ஆகவில்லை. நீலாம்பரி தூக்கம் வரவழைக்கும் என்பது மட்டும் மெய்யாயிற்று. வக்கீல் நாற்காலியிலேயே குறட்டை விட்டார்.

நாலாம் நாள் அவருக்கு எப்படியோ ஒரு வழக்கு வந்துவிட்டது. மகன் மண்டிக்குப் போய்விட்டார். மருமகள் அடுக்களையில். அறையில் நானும் அந்த அம்மாளும்தான். தாளைப் பார்க்கச் சொல்ல ஆள் இல்லாததால் என் கண் பழைய இடத்துக்கே போயிற்று. முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

ஒரு ஈ வந்து நெற்றியில் உட்கார்ந்தது. இடப் புருவம் சுருங்கியது. என் கை பிலஹரியை அந்தரத்தில் விட்டுவிட்டு, கோபக்கார ராஜாக்களுக்கு வாசிக்கும் மெட்டுக்குத் தாவியது. ஒன்பது வருஷப் பழக்கம். நான் செய்யவில்லை, கைதான் செய்தது. ஐயோ, தப்பு செய்துவிட்டோமே என்று நினைப்பதற்குள் ஈ பறந்துவிட்டது. ஆனால் புருவம் இறங்கவில்லை. இடக் கண் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது.

பிறகு அந்தப் புருவம் மேலே ஏறியது. என் சுரமும் ஏறியது. இறங்கியது. இறங்கினேன். கண் மூடியது. துருத்தியை நிறுத்தினேன். கண் திறந்தது.

இழுப்பாம் இழுப்பு! உள்ளே ஒன்றுமில்லையாம்! உள்ளே ஒரு முழு மனுஷி உட்கார்ந்து என்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கை இல்லை, கால் இல்லை, வாய் இல்லை. இத்தனை மாதமாக அவரால் ஒரு துரும்பை அசைக்க முடியவில்லை. இப்போது ஒரு பெட்டியை அசைக்கிறார்.

அன்று மாலைவரை விளையாடினோம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. திரையில் நடித்த எவருக்கும் என்னைத் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு அழுதார்கள், நான் பாட்டுக்கு அவர்கள் பின்னால் ஓடினேன். இந்த முகத்துக்கு என்னைத் தெரிந்தது. பாதி முகம்தான். அந்தப் பாதியில் என்னென்ன இருந்தது! உதட்டோரத்தைக் கொஞ்சம் இழுத்தால் துள்ளல். கண்ணைச் சுருக்கினால் மெதுவாக. நான் தப்பாகப் புரிந்துகொண்டால் கண்ணை இறுக மூடித் திறப்பார். 'மறுபடி வாசி' என்று அர்த்தம்.

சில நாளில் குறும்பும் தொடங்கியது. வக்கீல் அறைக்குள் நுழைவார். அந்த அம்மாளின் புருவம் ஒரு தினுசாக வளையும். நான் நாடகத்தில் பபூன் வரும்போது வாசிக்கும் மெட்டைத் தூக்கிவிடுவேன். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆகா, நீலாம்பரி, நீலாம்பரி" என்று தலையை ஆட்டுவார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! சிரிப்பை அடக்க முடியாமல் அந்த அம்மாளின் இடக் கண்ணில் தண்ணீர் வழியும். "பாருங்க, பாருங்க, ராகம் உள்ள போயிருச்சு. கண்ணுல தண்ணி வருது!" என்பார் வக்கீல். மகன் கும்பிடுவார்.

நாற்பது நாள் இப்படிப் போயிற்று. அந்த அம்மாளுக்குக் கஞ்சி சிந்தாமல் இறங்கியது. கன்னத்தில் சதை பிடித்தது. நான் வரும் நேரத்துக்குக் கண் வாசலில் இருந்ததாக மருமகள் சொன்னார். எனக்கு என்ன ஆயிற்று என்றால், பேசும் படம் வந்த நாளிலிருந்து இருந்த நெஞ்செரிச்சல் போய்விட்டது. நன்றாகத் தூங்கினேன். ரசத்தைத் திட்டவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு என் மனைவி, "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வைத்தியம் யார் யாருக்குச் செய்தது என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

இதை ஏன் வீட்டாரிடம் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். முதலில், சொன்னால் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு, அது எங்கள் இரண்டு பேருக்குமான விளையாட்டாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்போதைக்கு அது குற்றமாகப் படவில்லை.

நாற்பதாம் நாள் வக்கீல் மதுரையில் ஒரு சபையில் பேசினார். நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். 'பக்கவாதமும் நீலாம்பரியும்' என்று முக்கால் மணி நேரம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்றால், இவர் காக்கையைக்கூட விட்டுவிட்டு, பனம்பழத்துக்குத் தான்தான் ராகம் எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறார். வாசித்தவன் பேச்சு ஒரே ஒரு இடத்தில் வந்தது: "யாரோ ஒரு பெட்டிக்காரர் மூலமாக." கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து, பெட்டி வாசித்தே இவ்வளவு குணம் என்றால் அசல் வித்வான் வாசித்தால் நோயாளி எழுந்து நடப்பாரே என்றார். வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

மறு வாரம் மண்டிக்காரர் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமபோன் வந்து உட்கார்ந்தது. பளபளவென்ற ஊதுகுழல். ஒரு பெரிய வித்வானின் நீலாம்பரி பிளேட்டு. "கமகம் அம்புட்டும் சுத்தமா இருக்கு பாருங்க" என்றார் வக்கீல். எனக்கு ஒரு வேட்டியும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரே ஜென்மத்தில் இரண்டாம் தடவையாக, தானே பாடும் ஒரு சாமானுக்கு என் இடத்தை விட்டுக்கொடுத்தேன்.

கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாளின் புருவம் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. பிளேட்டு தன் பாட்டுக்குச் சுற்றியது.

வாசலில் மருமகள் நின்றார். "இனிமே வர மாட்டீகளாண்ணே? அத்தை உங்க பெட்டிக்குத்தான் கண்ணு முழிக்கிறாக" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். 'உங்கள் அத்தை உள்ளே இருக்கிறார், எல்லாம் கேட்கிறது, முகத்தைப் பாருங்கள்' என்று மூன்று வாக்கியம். எனக்கு வாய் வரவில்லை என்று சொன்னால் பொய். வாய் இருந்தது. அதில் விஷமும் இருந்தது. "ராகம்தானேம்மா குணமாக்குது. பெட்டிக்காரன் எதுக்கு? நல்லா பிளேட்டுப் போட்டுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். வக்கீலின் தாள் தோற்க வேண்டும், அவரைப் பார்த்துச் சந்தி சிரிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். அது தோற்றால் யார் தோற்பார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த அம்மாள் உள்ளே இருக்கிறார் என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தேதான் போனேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒரு லேகியக்காரரோடு சந்தை சந்தையாகச் சுற்றினேன். நான் பெட்டி வாசித்துக் கூட்டம் சேர்ப்பேன். அவர் மூட்டு வலிக்கும் மலட்டுத்தனத்துக்கும் ஒரே டப்பாவை விற்பார். வக்கீலோடு ஒப்பிட்டால் இவர் யோக்கியர் என்றே சொல்வேன். இவர் டப்பாவில் வெல்லமாவது இருந்தது. நெஞ்செரிச்சல் திரும்பி வந்துவிட்டது. நான் அவருடைய லேகியத்தைச் சாப்பிடவில்லை.

அலங்காநல்லூர்ச் சந்தையில் ஒரு நாள் மண்டிக்காரர் வீட்டு வண்டிக்காரர் மாடு பார்க்க வந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"ஆத்தா எப்பிடி இருக்காக?" என்று கேட்டேன்.

"ரொம்ப அமைதியா இருக்காகண்ணே. முன்ன மாதிரி இழுப்புக்கூட இல்ல. கண்ணு தொறக்குறதே இல்ல. வக்கீலையா வந்து பாத்துட்டு, ஆத்மாவுக்குச் சாந்தி வந்துருச்சுன்னு சொல்லிட்டாக. கஞ்சிதான் எறங்க மாட்டேங்குது."

"பிளேட்டு ஓடுதா?"

"அது பாட்டுக்கு ஓடும். மொதலாளி தோப்புல அடக்கத்துக்கு எடம் பாத்தாச்சு. கெணத்துக்குக் கெழக்கவா மேக்கவான்னு கட்டுலுக்குப் பக்கத்துல உக்காந்துதான் நேத்துக்கூடப் பேசிக்கிட்டு இருந்தாக."

லேகியக்காரரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன். ஒரு முட்டாளுக்குப் பாடம் கற்பிப்பதற்காக ஒரு மனுஷியை உயிரோடு மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. பிளேட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, முறத்தை மாமியாரின் முழங்கால்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கெட்ட பெண் இல்லை. வெறும் கட்டை என்று எல்லாரும் சொன்ன பிறகு அவர் மட்டும் வேறு என்ன நினைப்பார்? அந்த அம்மாள் பாதியாக இளைத்திருந்தார். கண் மூடியிருந்தது.

மகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ராகம் இல்லை, பெட்டியும் இல்லை, உங்கள் தாயார் முகத்தால் என்னை ஆட்டி வைத்தார். அவருக்கு எல்லாம் விளங்குகிறது. தெரிந்தும் சொல்லாமல் போனேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டையில் சந்தைப் புழுதி.

"கஷ்டமா இருந்தா நேரா கேளுங்க வாத்தியாரே, செய்யிறேன். ஆத்தாளை வச்சு எதுக்குக் கதை?" என்றார்.

"வாசிச்சுக் காட்டுறேன். அவுக மொகத்தை மட்டும் பாருங்க."

பிளேட்டை நிறுத்தினார்கள். பெட்டியைத் திறந்தேன். அழுகைக்கு, கோபத்துக்கு, குதிரை ஓட்டத்துக்கு, பபூனுக்கு, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வாசித்தேன். கண் திறக்கவில்லை. புருவம் அசையவில்லை. சாத்தின கதவு மாதிரி இருந்தது அந்த முகம். மகன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "சாப்பிட்டுப் போங்க" என்று இரக்கமாகச் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனார். மருமகள் மறுபடி உளுந்தில் குனிந்தார்.

நான் துருத்தியை விட்டேன். "தப்புத்தாம்மா" என்றேன்.

அப்போது இடக் கண் திறந்தது. மெல்லத் திரும்பி என்மேல் வந்து நின்றது. இட உதட்டோரம் கீழே இறங்கியது. மூக்கு ஒரு பக்கம் லேசாக ஏறியது. புருவம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. என் கை பெட்டியின் கட்டைகள்மேல் அப்படியே நின்றுவிட்டது. துக்கத்துக்கு என்னிடம் மெட்டு இருந்தது, பயத்துக்கு இருந்தது, காதலுக்கு இருந்தது. இளக்காரத்துக்கு என்ன வாசிப்பது என்று ஒன்பது வருஷத்தில் எந்தப் படமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வக்கீலை, வித்வான்களை, மதுரை ஊரையே ஆயுசு முழுக்க நான் பார்த்துவந்த முகம் அது. வாங்குகிற பக்கம் இருந்து அதைப் பார்த்தது அன்றைக்குத்தான். சுட்டது. அந்தச் சூட்டோடு ஒரு சந்தோஷமும் வந்தது. செத்துப்போன மனுஷி யாரையும் அப்படிப் பார்க்க முடியாது.

"அம்மா, உளுந்தை விடுங்க. உங்க அத்தை மொகத்தைப் பாருங்க" என்று கத்தினேன்.

மருமகள் நிமிர்ந்தார். பார்த்தார். முறம் சரிந்து உளுந்து தரையெல்லாம் ஓடியது. கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து சுவரோரம் போய் நின்றார். கை தானாகப் போய் முந்தானையை இழுத்துத் தோளை மூடியது.

"அண்ணே, இது இழுப்பு இல்லண்ணே. இது அத்தை. இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் நான் வச்ச கொழம்பை வாயில வச்சுட்டு இப்பிடித்தான் பாத்தாக. பதினெட்டு வருசமா இந்தப் பார்வையத்தாண்ணே நான் வாங்கிக்கிட்டு இருந்தேன்."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. இத்தனை மாதமாக இந்தக் கட்டிலில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பெண்களோடு என்னென்ன பேசினோம் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவதை மருமகளின் முகத்தில் பார்த்தேன். மாமியாரின் கண் என்னை விட்டு அவர்மேல் போயிருந்தது.

"அத்தே, அம்புட்டையும் கேட்டுக்கிட்டா கெடந்தீக?" என்று கேட்டு ஓவென்று அழுதார்.

அழுகைச் சத்தம் கேட்டு, காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்து மகன் முற்றத்திலிருந்து ஓடி வந்தார். நிலைப்படியில் அந்தக் கண் அவரைப் பிடித்தது. கிணற்றுக்குக் கிழக்கா மேற்கா என்று கேட்ட ஆள், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆத்தா" என்றார்.

யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. அந்த அம்மாளும் என் பக்கம் திரும்பவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் பாட்டுக்கு வெளியே வந்தேன். அந்த முகத்தைப் பார்த்து நடக்க இனி அந்த வீட்டிலேயே ஆட்கள் இருந்தார்கள்.